ஆன்லைன் இயற்பியல் பாடத்தின் முதல் வாரங்கள்: எங்கே மாட்டிக்கொள்கிறோம், எப்படி வெளியே வருவது

பல்கலைக்கழக இயற்பியல் பாடத்தை ஆன்லைனில் தொடங்குபவருக்கு முதல் சில வாரங்களில் மூன்று வகைச் சிக்கல்கள் ஒன்றாக வந்து சேரும். தளம் ஒத்துழைக்காது. சரியாகப் போட்ட கணக்கைத் தளம் தவறு என்று சொல்லும். சில இடங்கள் உண்மையிலேயே புரியாது. திரையில் பார்க்க மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும்: மதிப்பெண் பூஜ்ஜியம்.

வகுப்பறை என்றால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து "கால்குலேட்டர் ரேடியன்ல இருக்கு பாரு" என்று சொல்லிவிடுவார். தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. மூன்று சிக்கல்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு "எனக்கு இயற்பியல் வராது" என்று முடிவெடுத்து விலகியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருக்கு இருந்தது கால்குலேட்டர் சிக்கல் மட்டுமே. அதனால் அறிகுறிவாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள்.

"லாகின் ஆகிறது, ஆனால் பாடம் தெரியவில்லை"

முதலில் தேதியைப் பாருங்கள். பெரும்பாலான பாடங்கள் தொடக்க நாள் வரை மாணவர் கண்ணுக்குத் தெரியாது. தேதி தாண்டியும் தெரியவில்லை என்றால், பதிவு செய்தபோது கொடுத்த மின்னஞ்சலும் இப்போது லாகின் செய்யும் மின்னஞ்சலும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். பல்கலைக்கழகம் தந்த முகவரியில் பாடம் இருக்கும்; நீங்கள் சொந்த முகவரியில் நுழைந்திருப்பீர்கள். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் உதவி மையத்துக்கு எழுதுங்கள்.

"வீட்டுப்பாடம் செய்தேன், மதிப்பெண் பதிவாகவில்லை"

பாடம் ஒரு தளத்திலும் கணக்குகள் வேறொரு தளத்திலும் இருப்பது வழக்கம். கணக்குத் தளத்தை நேரடியாகத் திறந்து செய்தால், செய்தது அங்கேயே தங்கிவிடும். பாடத்தின் மதிப்பெண் பட்டியலுக்கு வராது. எப்போதும் பாடப் பக்கத்தில் உள்ள இணைப்பைச் சொடுக்கியே உள்ளே போங்கள். அந்த இணைப்பு வெற்றுப் பக்கமாகத் திறந்தால், பிரவுசர் பாப்-அப்பையோ வெளித்தளத்தின் குக்கீயையோ தடுத்திருக்கும். இந்த இரண்டு தளங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டுப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். விளம்பரத் தடுப்பானும் இதே வேலையைச் செய்யும்.

"நேரத்துக்குள் சப்மிட் செய்தேன், தாமதம் என்கிறது"

இது எனக்கே நடந்தது. இரவு 11:59 என்று போட்டிருந்ததை என் ஊர் நேரம் என்று எடுத்துக்கொண்டேன். அது பல்கலைக்கழகம் இருக்கும் இடத்தின் நேரம். முதல் நாளே உங்கள் கணக்கின் அமைப்புப் பகுதியில் நேர மண்டலம் என்னவென்று பாருங்கள். பாடத்திட்ட அறிக்கை எந்த நேரத்தைச் சொல்கிறது என்றும் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் எல்லாக் கடைசி நாட்களையும் உங்கள் நேரத்துக்கு மாற்றி ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். வருடத்தில் இருமுறை கடிகாரத்தை மாற்றும் நாட்டிலிருந்து பாடம் நடந்தால், நடுவில் ஒரு மணி நேரம் நகரும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"விடை சரி, ஆனால் தளம் ஏற்கவில்லை"

கணக்கைத் திரும்பப் போடுவதற்கு முன் தட்டச்சைப் பாருங்கள். தசமத்துக்குப் புள்ளியா காற்புள்ளியா? அலகைத் தனிப் பெட்டியில் கேட்கிறதா, எண்ணோடு சேர்த்தா? 10இன் அடுக்கை எப்படி எழுதச் சொல்கிறது? பல தளங்களில் ஆங்கில 'இ' எழுத்தைப் போட்டு (3e8 போல) அடுக்கை எழுத வேண்டும். பெருக்கல் குறியும் அடுக்கும் போட்டு எழுதினால் புரிந்துகொள்ளாது.

விடையைச் சூத்திரமாகக் கேட்டால் இன்னும் கவனம் வேண்டும். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி கட்டாயம். இரண்டு எழுத்தை ஒட்டி எழுதினால் அதை ஒரே மாறியின் பெயராகத் தளம் படிக்கும். பெரிய 'எம்'மும் சின்ன 'எம்'மும் வேறு வேறு நிறைகள். அடைப்புக்குறியை விட்டுவிடுவது எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது. 5 / 2 * 3 என்று எழுதினால் தளமும் கால்குலேட்டரும் 7.5 என்றுதான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் நினைத்தது ஆறில் ஐந்து என்றால் 5 / (2 * 3) என்று எழுத வேண்டும்.

"விடை தவறு, எங்கே தவறு என்று தெரியவில்லை"

அதிகம் பேர் சிக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். பல தளங்களில் ஒரு கேள்விக்கு இத்தனை முயற்சிதான் என்று வரம்பு உண்டு. முதல் தவறு வந்ததும் படபடப்பில் குறியை மாற்றிப் பார்ப்பது, 2 ஆல் பெருக்கிப் பார்ப்பது என்று மீதி முயற்சிகளையும் கரைத்துவிடாதீர்கள். விடை கொடுக்கப்பட்ட மாதிரிக் கணக்கு ஒன்றை எடுத்து, அதே முறையில், அதே கால்குலேட்டரில் போடுங்கள். உங்களுக்கு வந்ததைச் சரியான விடையால் வகுங்கள். வரும் எண்ணே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

10 வந்தால், கால்குலேட்டரில் 'எக்ஸ்ப்' பொத்தானைத் தவறாக அழுத்தியிருப்பீர்கள். ஒளியின் வேகம் 3 × 10^8 என்பதற்காக 3, பெருக்கல், 10, எக்ஸ்ப், 8 என்று அழுத்தினால், கால்குலேட்டர் அதை 3 × 10 × 10^8 என்று படிக்கும். எக்ஸ்ப் என்ற பொத்தானுக்குள்ளேயே "பெருக்கல் 10இன் அடுக்கு" இருக்கிறது. 3, எக்ஸ்ப், 8 போதும்.

3.6 வந்தால் மணிக்குக் கிலோமீட்டரில் உள்ள வேகத்தை நொடிக்கு மீட்டராக மாற்றாமல் போட்டிருக்கிறீர்கள். 1000 என்றால் கிராமைக் கிலோகிராமாக மாற்றவில்லை. 10,000 என்றால் சதுர சென்டிமீட்டரைச் சதுர மீட்டராக மாற்றவில்லை. நீளத்துக்கு 100, பரப்புக்கு 100இன் வர்க்கம் என்பதை மறந்துவிடுவது சகஜம். 9.8 என்றால் நிறையையும் எடையையும் ஒன்றாக எடுத்துக்கொண்டீர்கள். 2 என்றால் ஆரத்துக்குப் பதில் விட்டம், அல்லது எங்கோ ஓர் அரை விட்டுப்போயிருக்கிறது. 4 என்றால் அந்த விட்டத்தை வர்க்கமும் செய்துவிட்டீர்கள். 57.3 என்றால் சுழற்சிக் கணக்கில் ரேடியன் வேண்டிய இடத்தில் டிகிரி. வெறும் −1 என்றால் எந்தத் திசை நேர்க்குறி என்பதை நடுவில் மாற்றிவிட்டீர்கள்.

எதிலும் அடங்காத விசித்திரமான எண் வந்தால், கணக்கில் கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். கால்குலேட்டரில் சைன் 30 போடுங்கள். 0.5 வந்தால் டிகிரியில் இருக்கிறது. −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. 0.454 வந்தால் கிரேடியன் என்ற மூன்றாவது அமைப்பில் இருக்கிறது; பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் இந்தச் சைன் 30 சோதனையைச் செய்யுங்கள்.

1க்கு மிக அருகில், 0.98 அல்லது 1.02 என்று வந்தால், உங்கள் இயற்பியல் சரி. புவியீர்ப்பு முடுக்கத்தை நீங்கள் 10 என்று வைத்து, தளம் 9.8 என்று வைத்திருக்கலாம். இல்லையென்றால் நடுவிலேயே எண்களைச் சுருக்கியிருப்பீர்கள். ஓர் எடுத்துக்காட்டு: நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 35 டிகிரி சாய்வில், சமதரையிலிருந்து எறிந்த பந்து எவ்வளவு தூரத்தில் விழும்? காற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் 38.4 மீட்டர். சைன் 35ஐ 0.6 என்றும் கோசைன் 35ஐ 0.8 என்றும் வழியிலேயே சுருக்கிவிட்டால் 39.2 வரும். 2 சதவீத விலகல் வரைதான் ஏற்கும் தளத்தில் அது தவறு.

இதற்கு ஒரே மருந்து, எண்களைக் கடைசி வரிவரை உள்ளே விடாமல் இருப்பது. எழுத்துகளிலேயே சமன்பாட்டைத் தீர்த்து முடித்துவிட்டு, அப்புறம் ஒரே தடவையில் எண்களைப் போடுங்கள். முக்கிய எண்ணுருக்களுக்காகச் சுருக்குவதும் அந்தக் கடைசி வரியில்தான். இப்படிச் செய்யும்போது இன்னொரு வசதியும் கிடைக்கிறது: கடைசிச் சமன்பாட்டில் அலகுகள் பொருந்துகிறதா என்று பார்க்க முடியும். தூரம் கேட்ட இடத்தில் மீட்டர் வராமல் மீட்டர்/நொடி வந்தால், எண்ணைப் போடுவதற்கு முன்பே தவறு பிடிபட்டுவிடும். ஆரம்பத்தில் இது மெதுவான வழியாகத் தெரியும். இரண்டு வாரம் பழகுங்கள், அதன்பின் எண்களோடு கணக்குப் போடவே பிடிக்காது.

"முதல் வாரமே ஒரு தேர்வு வைத்தார்கள், பாதிக்குக் கீழ் எடுத்தேன்"

அந்தத் தேர்வில் கணக்கே இல்லையா? பந்து எந்தப் பாதையில் போகும், லாரியும் காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும் என்ற மாதிரி கொள்குறிக் கேள்விகளா? அப்படியானால் அது ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி என்ற கேள்வித்தாளாகவோ அதன் உறவாகவோ இருக்கலாம். 1992இல் வெளியானது, இன்று வழக்கில் உள்ள வடிவத்தில் 30 கேள்விகள். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை வைத்து, இடையில் எவ்வளவு முன்னேற்றம் என்று பார்ப்பதற்காக உருவானது. தொடக்க மதிப்பெண் பொதுவாக இறுதி மதிப்பெண்ணில் சேராது. பாடத்திட்ட அறிக்கையில் உறுதி செய்துகொள்ளுங்கள். இதற்காகத் தனியாகப் படிக்கவும் வேண்டாம். தவறான விடைகள் எல்லாம் நம் அன்றாட அனுபவம் சொல்லும் விடைகளாகவே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதில் விழுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். லாரியும் காரும் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசை சமம் என்பது முதல் வாரத்தில் பலருக்கு நம்பவே முடியாத செய்திதான்.

"வீடியோ பார்க்கும்போது புரிகிறது, கணக்கு வரவில்லை"

இதைச் சொல்லாத மாணவரை நான் பார்த்ததில்லை. உங்கள் புத்தியில் கோளாறு இல்லை; வீடியோவின் தன்மை அது. நன்றாக விளக்குபவர் எல்லா முடிவுகளையும் உங்களுக்காக எடுத்துவிடுகிறார். எந்தப் பொருளைத் தனியாகப் பார்ப்பது, எந்தத் திசையை அச்சாக வைப்பது, எந்த விதியில் தொடங்குவது என்பதெல்லாம் அவர் செய்தது. நீங்கள் பின்தொடர்ந்தது இயற்கணிதத்தை மட்டும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் நடந்து, 2019இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மாணவர்களே கணக்கோடு மல்லுக்கட்டிய வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். சீராக ஓடிய விரிவுரையைக் கேட்டவர்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள், எடுத்தது குறைவு. "புரிகிறது" என்ற உணர்வை நம்பிப் படிப்பைத் திட்டமிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

செய்ய வேண்டியது இது. வீடியோவில் கணக்கை வாசித்து முடித்ததும் நிறுத்துங்கள். தாளை எடுத்து 10 நிமிடம் நீங்களே போடுங்கள். முடியாவிட்டால் எந்த வரியில் நின்றுபோனது என்று குறித்துவிட்டு வீடியோவை ஓடவிடுங்கள். அந்த வரி வந்ததும் மறுபடி நிறுத்துங்கள். முடிந்த பிறகு எல்லாவற்றையும் மூடிவிட்டு, வெற்றுத் தாளில் முதலிலிருந்து போடுங்கள். மூன்று நாள் கழித்து இன்னொரு தடவை. ஒரு மணி நேர வீடியோ இரண்டரை மணி நேரம் எடுக்கும். அந்த நேரத்தைத் திட்டத்திலேயே ஒதுக்குங்கள்.

விசைக் கணக்குகளில் நின்றுபோகும் இடம் பெரும்பாலும் படம்தான். பொருளைத் தனியாக வரைந்து, அதைத் தொடும் ஒவ்வொன்றும் அதன்மீது செலுத்தும் விசையையும், புவி இழுக்கும் விசையையும் அம்புக்குறியாகப் போடுங்கள். அம்புக்குறி ஒவ்வொன்றுக்கும் "இதைச் செலுத்துவது யார்?" என்று கேளுங்கள். பதில் இல்லாத அம்புக்குறியை அழித்துவிடுங்கள். எறிந்த பந்துக்கு முன்னோக்கி ஒரு விசை போடுபவர்கள் இந்த ஒரு கேள்வியிலேயே திருந்திவிடுவார்கள்; கையை விட்ட பிறகு அதைத் தள்ள யாரும் இல்லை.

இரண்டு பொறிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அங்கே திசைவேகம் பூஜ்ஜியம், ஆனால் முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8. அடுத்தது, தரை தரும் செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்ற பழக்கம். லிஃப்ட் மேல்நோக்கி 2 என்ற அளவில் முடுக்கம் அடையும்போது, 60 கிலோகிராம் நிறை உள்ளவர் மீது லிஃப்டின் தரை செலுத்துவது 588 நியூட்டன் அல்ல, 60 × 11.8 = 708 நியூட்டன். படம் வரைந்தவருக்கு இது தானாகவே வரும்.

"முதல் வாரத்திலேயே வகையீடு, தொகையீடு என்கிறார்கள்"

அறிமுக இயற்பியல் பல இடங்களில் இரண்டு வகையாக இருக்கிறது: இயற்கணிதம் மட்டும் போதுமானது, நுண்கணிதம் வேண்டுவது. தவறான வகையில் சேர்ந்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் சீக்கிரமே வந்துவிடும். சரியான வகைதான் என்றால் இந்த மூன்றைச் செய்து பாருங்கள். நிலை 3t² போல மாறும் பொருளின் வேகம் என்ன? (நேரத்தின் 6 மடங்கு.) 30 டிகிரி சாய்ந்த 10 நியூட்டன் விசையின் கிடைக் கூறும் செங்குத்துக் கூறும் என்ன? (8.66, 5.) இரண்டு சமன்பாட்டில் இரண்டு மாறிகளைத் தீர்க்க முடிகிறதா? மூன்றும் யோசிக்காமல் வந்தால் தொடரலாம். இரண்டாவது வரவில்லை என்றால் முதல் வாரத்தின் மாலைகளை வெக்டருக்கே கொடுங்கள். இயக்கவியல் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

"வீட்டில் செய்த சோதனையில் விடை 20 சதவீதம் தள்ளி வருகிறது"

ஊசல் சோதனையா? ஒரு மீட்டர் ஊசல் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 நொடி ஆகும். கையால் கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 நொடி தவறினால் நேரத்தில் 10 சதவீதம், புவியீர்ப்பு முடுக்கத்தில் 20 சதவீதம் தள்ளிப்போகும். 20 அலைவுகளுக்குச் சேர்த்து அளந்தால் அதே 0.2 நொடியால் முடுக்கத்தில் வரும் விலகல் 1 சதவீதமாகச் சுருங்கிவிடும். நீளத்தைக் குண்டின் நடுவரை அளந்திருக்க வேண்டும். வீச்சைச் சிறியதாக வையுங்கள். 30 டிகிரி வரை இழுத்து விட்டால் நேரம் சுமார் 1.7 சதவீதம் கூடிவிடும். பல நீளங்களுக்கு அளந்து, நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால் சாய்வு 4.03க்குப் பக்கத்தில் வர வேண்டும்.

வீடியோ எடுத்து அளப்பதாக இருந்தால், கேமராவிலிருந்து பந்து விழும் அதே தூரத்தில் அளவுகோலை வையுங்கள். பின்சுவரில் ஒட்டினால் கேமராவிலிருந்து தூரம் வேறாகி, அளவு தப்பும். 2 மீட்டர் விழ 0.64 நொடி, நொடிக்கு 30 படம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது 19 படங்கள்தான். வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே அந்த எண்ணிக்கையைக் குறைத்துவிடும். நல்ல வெளிச்சத்தில் எடுங்கள்.

மேசைமேல் சும்மா கிடக்கும் போனின் முடுக்கமானி 9.8 காட்டினால் அது பழுது அல்ல. தாங்கும் மேசையின் விசையை அது உணர்கிறது. தடையின்றி விழும்போது பூஜ்ஜியம் காட்டும். ஆஹென் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் புவியீர்ப்பு சேர்ந்த அளவீடு, சேராத அளவீடு இரண்டும் தனித்தனியே இருக்கின்றன. அறிக்கையில் எதைப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள்.

"கையெழுத்துத் தாள் அப்லோட் ஆகவில்லை" / "தேர்வுச் செயலி திறக்கவில்லை"

போட்டோவாக அனுப்பாதீர்கள். ஸ்கேன் செயலியில் எடுத்து, எல்லாப் பக்கங்களையும் ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள். ஐபோன் எடுக்கும் ஹெச்.இ.ஐ.சி. வகைப் படத்தைப் பல தளங்கள் ஏற்காது. அனுப்பிய பின் திறந்து, பக்கங்கள் நேராக, வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தேர்வுச் செயலியை அதே கணினியில், அதே இணையத்தில், ஒரு வாரம் முன்பே மாதிரித் தேர்வில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கேமரா, மைக் அனுமதியெல்லாம் அப்போதே வெளிப்பட்டுவிடும்.

"இரண்டு வாரம் பின்தங்கிவிட்டேன்"

விட்ட வீடியோக்களை முதலிலிருந்து பார்க்கத் தொடங்காதீர்கள். இன்று நடக்கும் வாரத்தின் கணக்குகளை எடுத்துப் போடுங்கள். எந்தக் கருத்து இல்லாமல் நின்றுபோகிறதோ அதற்கான பழைய பகுதிக்கு மட்டும் திரும்பிப் போங்கள். அபராதமின்றி விலகக் கடைசி நாள் எது என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தெரிந்திருந்தால் பயத்தில் முடிவெடுக்க மாட்டீர்கள்.

பின்தங்குவதற்கு முன்பே ஆசிரியருக்கு எழுதுங்கள். பலர் தயங்குகிறார்கள், எழுதினாலும் "3ஆம் வாரம் எதுவும் புரியவில்லை சார்" என்று எழுதுகிறார்கள். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஐயா, 3ஆம் வாரம், 7ஆம் கணக்கு. சாய்தளத்தில் இருக்கும் பெட்டிக்கு நான் வரைந்த விசைப்படத்தை இணைத்திருக்கிறேன். என் முடுக்கம் 4.9, தளம் தரும் மாதிரி விடை 3.2. உராய்வை மேல்நோக்கிப் போட்டது சரியா, செங்குத்து விசையில் கோசைன் விட்டுவிட்டேனா என்று இந்த இரண்டு இடத்தில் சந்தேகம்." இதற்குப் பதில் எழுத அவருக்கு இரண்டு நிமிடம் போதும், அதனால் சீக்கிரமே வரும்.